சாமிகளோடு நிற்கும் துரை – கடிதம்

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பத்து காஜா வந்து, தோட்டத் துரை கட்டிய கெல்லிஸ் காசல் மாளிகையைப் பார்த்தோம். இது துரையின் அறை, இது மகளின் அறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மதுக் கிடங்கு, ரகசியப் படிக்கட்டு, பேய்க்கதை எல்லாம் ஆயிற்று. வெளியே புல்தரையில் உட்கார்ந்தபோது சின்னவள், "அப்பா, நம்ம ஆளுங்க ரூம் எது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். காசு கொடுத்துத் துரை வீட்டைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா என்று வழியெல்லாம் உறுத்தியது. நீங்கள் அந்த ஊர்க்காரர், என்ன நினைக்கிறீர்கள்?

க., சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புத் தம்பிக்கு,

வணக்கம். பாப்பாவின் கேள்வி இரண்டு நாளாக என்னோடேயே இருக்கிறது. அவளை மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த முறை முதலில், துரை முன்பு கட்டிய பழைய வீடான கெல்லாஸ் ஹவுஸின் இடிந்த சுவர்களிடம் போங்கள். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் இடத்தில் அவளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருக்கும் பெரிய மாளிகையை ஸ்காட்லாந்துத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கியபோது, செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. மதராஸிலிருந்து கொத்தர்களும் வந்தார்கள். குதிரை லாடம் போன்ற அந்த வளைவுகளைக் கட்டுவது லேசான வேலை இல்லை. மரத்தில் அச்சு செய்து நிறுத்தி, அதன் மேல் இரண்டு பக்கமும் கல்லை ஏற்றிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிய பிறகுதான் அச்சை உருவ முடியும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சரிந்துவிடும். நூறு வருஷம் தாண்டியும் அவை நிற்கின்றன. நம்ம ஆளுங்க ரூம் எது என்றால், அந்த வளைவுகளைக் காட்டுங்கள்.

அப்புறம் காரை எடுத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். மாளிகை வேலை நடந்துகொண்டிருந்தபோது விஷக்காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் பலர் செத்துப் போனார்கள். முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ அது. எங்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று மிஞ்சியவர்கள் கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். மேலே சாமி சிலைகளோடு வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நிற்பார், அண்ணாந்து பாருங்கள். அவர்தான் ஸ்மித். எனக்கு அந்தச் சிலை ரொம்ப முக்கியம். மாளிகையில் நாம் பார்ப்பது துரை தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்தது. கோயிலில் இருப்பது நம்மவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள், கொடுத்தவரை மறக்காமல் சுதையில் பதிந்து வைத்தார்கள். நன்றியை அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களின் பெயர்கள் எங்கேயும் இல்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அறைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரத்தில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி ஊருக்கே திரும்பிவிட்டார், வீட்டை விற்றுவிட்டார்கள். ஆறு மாடிக் கோபுரத்துக்கு லிஃப்ட் வைக்க விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. யாரும் வாழ்ந்து முடிக்காத அறைகளுக்கே பெயர் எழுதி வைக்க முடிகிறதென்றால், மூன்று தலைமுறை வாழ்ந்த அறைக்கு ஏன் முடியாது?

நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இப்போது இல்லை. பலகை வீடு. முன்னால் அஞ்சடி என்கிற திண்ணை, நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி, அவ்வளவுதான். அந்த ஓர் அறையில் ஏழு பேர் படுத்தோம். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்க, மணி அடிப்பதற்கு முன்பே பாட்டி எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார். அஞ்சடியில் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பு சாத்தியிருக்கும், பக்கத்தில் இரண்டு வாளி. காய்ந்த பாலின் வாடை சுவரிலேயே ஊறிக் கிடக்கும். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்தை இடித்துத் தள்ளினார்கள். நான் அன்று பள்ளிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பாட்டி, அம்மிக்கல்லை மட்டும் சாலையோரம் உருட்டி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மாளிகையைச் சுற்றியுள்ள அந்தப் பெரிய புல்வெளியில் ஒரு லயத்து வீட்டை எழுப்பி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பார்க்க வருகிறவர்கள் துரை வீட்டிலிருந்து இறங்கி, குனிந்து இந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். பால் வடியும் மங்கு, மரம் சீவும் உளி, அரிக்கேன் விளக்கு, சாமி படம், தூளிக் கயிறு கட்டிய உத்தரம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். 1938-இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிமார் ஊர் ஊராய்ப் போய் அழைத்து வந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அங்கே நின்றால் பாப்பாவுக்கே புரிந்துவிடும்.

உங்கள் தாத்தாவின் உளி வீட்டில் இருக்கிறதா? இருந்தால் துருவைத் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். முதலில் எங்கள் வீட்டில் பசியாறிவிட்டு, எல்லாரும் சேர்ந்தே கோயிலுக்குப் போவோம்.

அன்புடன்,
அக்கா