நகையை அடகு வைத்துக் குளிர் அறை அமைக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் தோட்டம் செய்கிறேன். கரட், பீற்றூட், சின்ன வெங்காயம் ஆகியவற்றோடு வளவில் காய்க்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் திருநெல்வேலிச் சந்தையில் விற்கிறேன். வெப்பநிலையைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் 2 தொன் குளிர் அறைக்கு 18 இலட்சம் ரூபா கேட்கிறார்கள். நிலையான வைப்பில் 8 இலட்சம் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகைகளை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். அடகுக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீட்க வேண்டியது. குளிர் அறையோ போட்ட பணத்தைத் திருப்பித் தரப் பல ஆண்டுகள் எடுக்கும்.

கணக்கைப் பார்ப்போம். அறை 10 ஆண்டுகள் உழைக்கும் என்று தாராளமாக எடுத்தாலும் ஆண்டுத் தேய்மானம் 1,80,000 ரூபா. கடனுக்கு 14 வீதம், நீங்கள் இழக்கும் வைப்பு வட்டி 8 வீதம் என்று கொண்டால் இன்னும் 2,04,000. ஆறு மாதம் இயக்க, மாதம் 25,000 மின்கட்டணம் என்றால் 1,50,000. மொத்தம் 5,34,000. ஆண்டில் 6 முறை அறையை நிரப்பினால் 12,000 கிலோ. அதாவது, அறுவடை நாளில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலையை விட ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 45 ரூபா கூடுதலாகக் கிடைத்தால்தான் நட்டமில்லை.

உங்கள் விளைபொருள்கள் ஓர் அறைக்குள் ஒத்துப்போகாதவை என்பதையும் கவனியுங்கள். கரட்டுக்கும் பீற்றூட்டுக்கும் 0 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரும் மிகுந்த ஈரப்பதனும் வேண்டும். காய் மாங்காயை 13 பாகைக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, பழுக்காமலே கெடும். பழுக்கும் மாம்பழம் விடும் எதிலீன் வாயுவோ கரட்டைக் கசக்கச் செய்யும். ஈரம் ஒத்துக்கொள்ளாத வெங்காயத்துக்குக் காற்றோட்டமான கொட்டிலே போதும். (கரட்டைச் சில நாள் பிடுங்காமல் மண்ணில் விடுவதும் செலவில்லாத களஞ்சியம்தான்.)

மின்சாரம் நின்றதையும் கதவு திறந்திருப்பதையும் கைப்பேசி சொல்லும். ஆனால் குளிரைக் காப்பாற்றுவது மின்பிறப்பாக்கி, அதன் விலை இந்த 18 இலட்சத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கரட் செய்யும் அயல் தோட்டக்காரர் இரண்டு மூன்று பேர் பங்குக்கு வந்து, அறை ஆண்டில் 12 முறை நிரம்பினால், மின்செலவு இரட்டித்தாலும் அந்த 45 ரூபா 28.50 ஆகக் குறையும்; உங்கள் பங்குக்கு வைப்புப் பணமே போதுமாகலாம். அதற்கு முன், வரும் போகத்தில் விற்ற நாளின் விலையையும் பத்து நாள் கழிந்த விலையையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். வித்தியாசம் 28.50 ரூபாவை அடிக்கடி தாண்டினால், அந்தக் கொப்பியோடு பங்காளிகளிடம் பேசுங்கள்.