விட்டுக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வினைகள்? கேள்வி பதில்

இணங்குதல், பணிதல், வழிவிடுதல், பின்வாங்குதல் ஆகியவற்றைச் சொல்லும் ஆங்கிலக் கூட்டுவினைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். காரைக்குடி வட்டாரத்தில் ஆங்கில இலக்கணம் கற்பித்துவரும் எனக்கு, இந்த வினைகளில் நம்மவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். தேர்வு விடைக்குறிப்பு, நேர்முகத் தேர்வு ஆலோசனை போன்றவற்றைக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

தேவகோட்டை வாசகர்: கோலாலம்பூரில் இருக்கும் பங்காளிக்கும் எனக்கும் பூர்வீக வீட்டின் மராமத்துச் செலவு தொடர்பாக மின்னஞ்சலிலேயே வாக்குவாதம் நடக்கிறது. நானே இறங்கிப் போய்விடலாம் என்று, ‘வீட்டுப் பங்கு விஷயத்தில் ஐ கிவ் அப்’ என எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ‘கிவ் அப்’ என்பதற்குப் பின்னால் ஒரு பொருள் வந்தால், அந்தப் பொருளையே கைவிடுகிறீர்கள் என்று அர்த்தம். பேருந்தில் இருக்கையை விட்டுத் தருவது, புகைபிடிப்பதை நிறுத்துவது, வேலையை விடுவது எல்லாம் ‘கிவ் அப்’தான். பங்கைப் பற்றிய பேச்சில் ‘ஐ கிவ் அப்’ என்று எழுதினால், முகப்பு முதல் இரண்டாம் கட்டு வரை உள்ள உங்கள் பங்கே வேண்டாம் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. நீங்கள் விடுவது பங்கை அன்று, பிடிவாதத்தை. எதிராளியின் சொல்லுக்கு இணங்குவதற்குரிய வினை ‘கிவ் இன்’. ஆகவே ‘ஐ வில் கிவ் இன் ஆன் தி ரிப்பேர் காஸ்ட்’ என்று எழுதுங்கள்; எந்த விஷயத்தில் இறங்கி வந்தீர்கள் என்பதை ‘ஆன்’ காட்டிவிடும். அசையாச் சொத்தில் உள்ள பங்கை விடுவதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும் என்பதால் ஒரு மின்னஞ்சலால் பங்கு போய்விடாது. ஆனாலும் பிற்பாடு வழக்கு என்று வந்தால் அந்த வரியை எடுத்து நீட்டத்தான் செய்வார்கள். அதற்கு மேல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

புதுவயல் வாசகர்: ‘கிவ் இன்’ என்பதற்குப் பிறகு ‘டு’ வர வேண்டுமா?

பதில்: யாருக்கு அல்லது எதற்கு இணங்கினார் என்பதைச் சொல்லும்போது வரும். ‘ஹி கேவ் இன் டு ஹிஸ் டாட்டர்’ என்றால் மகளின் பிடிவாதத்துக்கு இணங்கினார். இந்த ‘டு’ வேற்றுமை உருபு போன்றது என்பதால் அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும், வினை வராது. அரிசி ஆலை முதலாளி கூலி உயர்வுக்கு இணங்கியதை ‘ஹி கேவ் இன் டு பே மோர்’ என்று எழுதுவது பிழை. ‘ஹி கேவ் இன் அண்ட் பெய்ட் மோர்’ என்பதே சரி.

கோட்டையூர் கல்லூரி மாணவி: தமிழில் எழுதிய பயிற்சிக் குறிப்பு ஒன்றில் ‘கேவ் இன்’ என்பதற்கு ‘இணங்கினான்’ என்றும், சில வரிகள் தள்ளி ‘இடிந்து விழு’ என்றும் பொருள் தந்திருக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி, ஏனெனில் அவை இரண்டு வெவ்வேறு வினைகள். ஒன்று ஜி என்ற எழுத்தில் தொடங்கும் ‘கிவ் இன்’ என்பதன் இறந்தகாலம். மற்றொன்று சி என்ற எழுத்தில் தொடங்குவது. குகையைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளே அதற்கும். நம் எழுத்தில் ககரம் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே உருவம் பெற்றுவிட்டன. சுரங்கமோ கூரையோ உள்வாங்கிச் சரிவது இரண்டாவதன் முதற்பொருள். நெருக்கடிக்கு ஆளானவர் வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று பணிவதையும் அது குறிக்கும், சற்று இளக்காரத்துடன். அன்புக்காக இணங்கியவரைப் பற்றி அந்த வினையைச் சொல்வதில்லை. கூட்டுவினைகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்று நான் வகுப்புதோறும் சொல்வது இதனால்தான்.

கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீட்டின் பணியாளர்: மேல்மாடத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. விருந்தினர் நடக்க வேண்டாம் என்று பலகை வைக்க, ‘ப்ளீஸ் கிவ் வே’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அப்படி எழுதினால், எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, அவர்கள் பழுதான மூலையிலேயே ஒதுங்கி நிற்கக் கூடும். ‘ஃப்ளோர் மே கிவ் வே’ என்று எழுதுங்கள்; தளம் பாரம் தாங்காமல் சரியலாம் என்பது அதன் பொருள். ஒன்று போய் அந்த இடத்தில் மற்றொன்று வருவதற்கும் இதே வினை உதவும்: திண்ணை போய்க் கார் கொட்டகை வந்தது என்பதை ‘தி திண்ணை கேவ் வே டு எ கார் ஷெட்’ எனலாம். எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை என்றாலும், இலக்கணப்படி அது நல்ல வாக்கியம்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்: இவை எல்லாம் பேச்சுவழக்குக் கொச்சைகள். மதிப்புள்ள எழுத்தில் ‘யீல்ட்’, ‘சரண்டர்’ என்று ஒற்றைச் சொல்லால் எழுதுவதே அழகு. மாணவர்களை நீங்கள் கெடுக்கிறீர்கள்.

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் மதிப்பு வைத்தே மறுக்கிறேன். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், சிலுவையில் இயேசு உயிர்விட்டதைச் சொல்லும் இடத்தில் வருவது ‘கேவ் அப்’ என்ற வினைதான். அதனினும் மதிப்பான எழுத்து எது? ‘யீல்ட்’ என்பதும் ஏதோ லத்தீன் பெருமையுடன் வந்த சொல் அன்று; பணம் செலுத்துதல் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே புழங்கிய நாட்டுச்சொல்.

இந்தப் பதிலை முன்கூட்டி அவருக்கு அனுப்பியிருந்தேன். விவிலிய மொழி சமய மொழி என்றும், அரசியலிலும் அலுவலகத்திலும் அதைச் சான்றாகக் காட்ட முடியாது என்றும் எழுதினார். ‘சர்ச்சிலே நெவர் கிவ் அப் என்று முழங்கவில்லையா?’ என்று காரைக்குடி வாசகர் ஒருவர் இடையில் புகுந்தார். அதற்குத் தலைமை ஆசிரியர், அது சுவரொட்டியில் அச்சிடுகிற வாசகம், சர்ச்சிலின் பேச்சு அன்று என்றார்.

இதில் தலைமை ஆசிரியர் பாதி சரி. 1941 அக்டோபர் 29ஆம் நாள், தாம் படித்த ஹாரோ பள்ளியில் பேசிய சர்ச்சில் திரும்பத் திரும்பச் சொன்னது ‘நெவர் கிவ் இன்’. சுவரொட்டிக்காரர்கள் அதை ‘கிவ் அப்’ ஆக்கிவிட்டார்கள். இது சின்ன மாற்றம் அன்று. ‘கிவ் அப்’ என்றால் முயற்சியைக் கைவிடாதே என்று தேர்வில் தோற்ற மாணவனைத் தேற்றுவதாகிவிடும். ‘கிவ் இன்’ என்பதில்தான் எதிரே ஒருவன் நிற்கிறான், அவனுக்குப் பணியாதே என்ற பொருள் வருகிறது. பிரிட்டனுக்கு எதிரே அப்போது நின்றவன் ஹிட்லர். மானமும் நல்லறிவும் சொல்லும் தீர்மானங்களுக்கு மட்டும் இணங்கலாம் என்று அவர் விலக்கு வைத்ததும், ‘கிவ் இன்’ என்பதைத் தொடர்ந்து ‘எக்செப்ட் டு’ என்று வருவதால்தான் வாக்கியத்தில் பொருந்தி நிற்கிறது. அடுத்த வரியில், வெறும் வன்முறைக்குப் பணியாதே என்பதை ‘நெவர் யீல்ட் டு ஃபோர்ஸ்’ என்றார். ஐயா கொச்சை என்று தள்ளியதையும், உயர்ந்தது என்று ஏற்றதையும் அவர் அடுத்தடுத்து வைத்துப் பேசியிருக்கிறார். ஆயினும் அரசு அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ எழுதும்போது உரிமையை விடுவதை ‘ரிலின்க்விஷ்’ என்று எழுதுவது நல்லது. அந்த அளவில் ஐயாவின் கருத்தை ஏற்கிறேன்.

குன்றக்குடி வாசகர்: ‘கிவ் இன்’ என்பதற்குப் பிறகு ‘டு’ வருமா?

பதில்: புதுவயல் வாசகருக்கு எழுதியதைப் பாருங்கள்.

ஆத்தங்குடி வாசகர்: ‘கிவ் அப் இட்’ என்று நான் எழுதியதை என் மகள் திருத்துகிறாள். அவள் சொல்வது சரியா?

பதில்: சரிதான். சுட்டுப்பெயர் நடுவில் வரும்: ‘கிவ் இட் அப்’. ஆனால் ‘கிவ் இட் இன்’ என்று மாற்றிவிடாதீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் அது வீட்டுப்பாடத்தை ஆசிரியரிடம் ஒப்படைப்பதைக் குறிக்கும்.

டெக்சாஸிலிருக்கும் காரைக்குடிக்காரர்: நம்மூர் ‘கிவ் வே’ பலகைக்கு இங்கே ‘யீல்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். அமெரிக்காவில் அந்தப் பலகை 1950இல் ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில் முதன்முதல் வைக்கப்பட்டது.

பொன்னமராவதி ஆச்சி ஒருவர்: என் மருமகள் எங்கள் குடும்பத்தை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சிங்கப்பூர்ப் பேத்திக்கு இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பதில்: இன்று வந்தவற்றில் எனக்குப் பிடித்த கேள்வி இது. அகராதியைப் பார்த்து ‘ஷி நெவர் கிவ்ஸ் அப் தி ஃபேமிலி’ என்று சொன்னால், குடும்பத்தை விட்டுப் பிரிய மறுக்கிறாள் என்பது போல ஆகிவிடும்; ‘கிவ் இன்’ என்றால் யாருக்கும் அடங்காதவள் என்று பேத்தி நினைத்துக்கொள்வாள். பிறர் முன்னால் வீட்டாரைக் குறைத்துப் பேசாமல், பேசுபவர்களையும் விடாமல் தாங்கி நிற்பதையே நீங்கள் சொல்கிறீர்கள். ‘ஷி ஆல்வேஸ் ஸ்டிக்ஸ் அப் ஃபார் தி ஃபேமிலி’ என்று சொல்லுங்கள், ஆச்சி. கொடுத்தல் வினைகள் எவையும் இங்கே ஒத்துவரா.

திருப்பத்தூர் வாசகர்: ‘கிவ் இன் டு’ என்பதா, ‘கிவ் இன் ஃபார்’ என்பதா?

பதில்: ‘டு’. மேலே இரண்டு முறை வந்துவிட்டது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

காரைக்குடியில் பழம்பொருள் விற்பவர்: மரப்பெட்டி ஒன்றுக்கு விலை பேசி முடித்த வெளிநாட்டவர் மறுநாள் வேண்டாம் என்றுவிட்டார். அவர் செய்தது ‘பேக் டவுன்’ ஆகுமா, ‘பேக் அவுட்’ ஆகுமா?

பதில்: ‘பேக் அவுட்’. கேட்ட விலையிலிருந்து நீங்கள் இறங்கி வந்திருந்தால், அந்தக் கோரிக்கையைக் கைவிட்ட வகையில் உங்களைப் பற்றி ‘பேக் டவுன்’ என்று சொல்லலாம். ஒப்புக்கொண்ட பேரத்திலிருந்து அவர் கழன்றுகொண்டதற்கு ‘ஹி பேக்ட் அவுட் ஆஃப் தி டீல்’ என்பதே பொருந்தும். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது இலக்கணத்தில் வராது.