பிலிம் ரோல் வாங்கும் முன்: கேள்வி-பதில்

ஆப்பிரிக்க நகரங்களில் வசித்துக்கொண்டு இன்றும் பிலிமில் படம் எடுக்கும் வாசகர்களின் கடிதங்கள், சுருக்கப்பட்டு:

கேள்வி (மொம்பாசா): பழைய பென்டாக்ஸ் கே1000 கேமரா வாங்கினேன். கண்ணாடி சுத்தம் என்றார் விற்றவர். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் வெள்ளை நூல் போலப் படர்ந்திருக்கிறது.

பதில்: அது பூஞ்சை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கடை வெளிச்சத்தில் லென்ஸைத் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் இது தெரியாது. லென்ஸின் ஒளித் துவாரத்தை முழுதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்தால்தான் தெரியும். லென்ஸைத் திருப்பிக் கொடுத்து அதற்குரிய பணத்தைக் கேளுங்கள். கேமராவை வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் அதன் ஷட்டருக்குப் பேட்டரியே தேவையில்லை, ஒளிமானிக்கு மட்டும்தான் தேவை. கடற்கரை ஊரில் தோல் உறையோடு அலமாரியில் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும்.

கேள்வி (கம்பாலா): கோடாக்ரோம் என்ற பழைய கலர் பிலிம் ஐந்து ரோல் மலிவாக வாங்கிவிட்டேன். எங்கே கழுவுவார்கள்?

பதில்: வண்ணப் படமாக உலகில் எங்கும் கழுவ மாட்டார்கள், கடைசி லேபும் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இந்தக் கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி (டார் எஸ் சலாம்): கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவ விரும்புகிறேன். குழாய்த் தண்ணீரே 29 டிகிரி இருக்கிறது. குளிர்விக்கும் கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 'வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தொட்டி' என்று நம்பி நான் பெரும் விலை கொடுத்து வாங்கியதற்குச் சூடாக்க மட்டுமே தெரிந்திருந்தது. கலர் பிலிமுக்கு வேண்டிய 38 டிகிரிக்கு ஏற்றுமே தவிர 20க்கு இறக்காது. நைரோபியின் ஜூலைக் குளிரில் இப்போது அதில் இட்லி மாவு புளிக்கிறது. உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினும், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த இரண்டு பாட்டில்களும் போதும். பனிக்கட்டியை, பிலிமில் படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பருக்குள் போடாதீர்கள், கரைசல் நீர்த்துவிடும். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிலிமை ஐடி-11 டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம் ஆகும், 24 டிகிரியில் ஏறத்தாழ 9 நிமிடம் ஆகும். எனவே 24 வரை இறக்கினாலே வேலை முடிந்தது. 29 டிகிரியில், தண்ணீர் கலக்காத டெவலப்பரில் கழுவினால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய், படத்தில் திட்டுத் திட்டாக விழும். தோன்றிய படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர் கரைசலும் அதே 24 டிகிரியில் இருக்கட்டும். கடைசியில் அலசும் தண்ணீர் அதிலிருந்து ஐந்து டிகிரிக்கு மேல் விலகக் கூடாது.

கேள்வி (நைரோபி): காலாவதியாக இன்னும் ஓராண்டு இருந்த கலர் பிலிமைக் கடையில் வாங்கினேன். படங்கள் மங்கி, நிழல்கள் பச்சையடித்து வந்தன. லேபிடம் சண்டை போடலாமா?

பதில்: முதலில் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். அங்குள்ள எண்கள் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதிக்கப்பட்டவை. அவை திடமாக இருந்து, சுற்றியுள்ள வெற்றிடம் புகை மூட்டம் போல் இருந்தால், லேப் ஒழுங்காகத்தான் கழுவியிருக்கிறது, பிலிம்தான் வெந்துபோயிருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பெட்டியில் உள்ள தேதி, பிலிமை முறைப்படி வைத்திருந்தால் மட்டுமே செல்லும். தன் கலர் பிலிம்களை 21 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கச் சொல்கிறது கோடாக். நம் கடைக்காரர்களோ மேற்கு வெயில் நேரே விழும் கண்ணாடி அலமாரியில் பொம்மைக்கொலு போல அடுக்கி வைக்கிறார்கள். மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில் மஞ்சள் நிறமே வெளுத்துப்போன பத்துப் பெட்டிகளைக் கண்டு, லாபம் என்று அள்ளிக்கொண்டு வந்தவன் நான். அதில் எடுத்த என் மகனின் முதல் பிறந்தநாள் படங்களில் அத்தனை முகமும் வெந்த கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. பெட்டி வெளுத்திருந்தால் தேதியைப் பார்க்கவே வேண்டாம். வாங்கும்போது, "குளிர்பெட்டியில் இருக்கிறதா?" என்று கேளுங்கள், வாங்கியதைக் காரின் டாஷ்போர்டில் வைத்து நீங்களே வேகவைக்காதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரோலை ஒன்றரை மணி நேரமாவது வெளியே வைத்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும், இல்லையேல் ஈரம் படியும்.

கேள்வி (லுசாக்கா): எக்ஸ்ரே தாக்காத ஈயப் பை வாங்கி, எடுத்து முடித்த 15 ரோல்களையும் அதில் போட்டு செக்-இன் பெட்டியில் வைக்கிறேன். சரிதானே?

பதில்: தவறு. செக்-இன் பெட்டிகளைச் சோதிக்கும் கதிர் வலியது, கழுவாத எந்த பிலிமும் அதற்குத் தாங்காது. பைக்குக் கொடுக்கும் பணத்தில் பிலிமைக் கழுவிவிட்டுப் பறந்து செல்லுங்கள். முடியாவிட்டால், உள்ளிருப்பது வெளியே தெரியும் பையில் ரோல்களைப் போட்டுக் கைப்பையில் வைத்து, கையாலேயே சோதிக்குமாறு பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி (ஜோஹன்னஸ்பர்க்): கடையில் வாங்கிய பழைய கேமராவின் ஷட்டர் நான்கே மாதத்தில் சிக்கிக்கொண்டது. பழைய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார்கள்.

பதில்: சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கமோ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கலாம். மூன்றில் எது என்பது உங்கள் தேர்வு. கடை என்றால் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஷட்டர் கோளாறை வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் அதற்கு ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் மட்டும் கேட்க முடியாது. ஆகவே ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துவிட்டு, கோரிக்கையை எழுத்து மூலம் கொடுங்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.