ஃபூலி கூலி புரியலன்னு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீங்க சொன்னீங்கன்னு ஃபூலி கூலிங்கற ஜப்பான் அனிமே தொடரோட ஆறு எபிசோடையும் ஒரே ராத்திரில பார்த்து முடிச்சேன். தி பில்லோஸ் பேண்டோட பாட்டெல்லாம் செம, ஆனா கதை சத்தியமா புரியல. பன்னெண்டு வயசுப் பையன் நெத்தில கொம்பு முளைக்குது, தலைக்குள்ளேர்ந்து ரோபோ வருது, மஞ்ச வெஸ்பால வந்த ஹருக்கோங்கற பொண்ணு கிட்டாராலயே அவன் மண்டைல போடுறா. எல்லாமே வயசுக்கு வர்றதோட குறியீடுதான், வேற ஒண்ணும் இல்லன்னு ஃப்ரெண்ட் சொல்றான். அவ்ளோதானா? கடைசில ஹருக்கோ ஏன் அவன விட்டுட்டுப் போறா? அக்கா பையனுக்கும் இப்ப பன்னெண்டு வயசு, அவனுக்குக் காட்டலாமா?

கே.

அன்புள்ள தம்பி,

உங்க ஃப்ரெண்ட் சொல்றது சரிதான், நெத்தில முளைச்சத பிளாஸ்திரி ஒட்டி மறைக்குற பையன பார்த்தா யாருக்கும் அது புரிஞ்சிடும், ஆனா அதோட நிறுத்திட்டீங்கன்னா அந்தப் பையன் நவோத்தாவ பார்க்காமலே விட்டுடுவீங்க. அவன் பெரியவனாகணும்னு ஆசைப்படுற பையன் இல்ல, ஏற்கனவே பெரியவன் மாதிரி நடிச்சிட்டிருக்குற பையன். அண்ணன் பேஸ்பால் ஆட அமெரிக்கா போயிட்டான், அவன் விட்டுட்டுப் போன பேட்ட இவன் தூக்கிட்டுத் திரியுறான், அவன் காதலிச்ச மமிமி இப்ப இவன்மேல வந்து சாயுறா, அண்ணனக் கூப்பிட்ட அதே 'தக்குன்'ங்கற பேர்லதான் இவனையும் கூப்பிடுறா, பூனைக்குட்டிக்கும் அதே பேருதான். இந்த ஊர்ல அதிசயமா எதுவும் நடக்காதுன்னு சலிச்சுக்குற பையன், வீட்டுல அப்பாவும் தாத்தாவும் அடிக்குற கூத்துக்கு நடுவுல தான் ஒருத்தன்தான் பக்குவமானவன்னு நெனச்சிட்டிருக்கான்.

நாலாவது எபிசோட மட்டும் தனியா இன்னொரு தடவ பாருங்க. எப்பவும் கையில பேட்டோட அலையுற பையன், மேட்ச்ல பந்து வரும்போது சுத்தவே மாட்டான், சும்மா நிப்பான், அவுட் ஆவான். சுத்தினாதானே மிஸ் ஆகும், மிஸ் ஆனாதானே சின்னப் பையன்னு தெரிஞ்சிடும். கடைசில வானத்துலேர்ந்து ஊர் மேல ஒரு சாட்டிலைட்டே வந்து விழப்போகுது, அப்பதான் கிட்டார பேட் மாதிரி புடிச்சு மொத்த உடம்பையும் போட்டு சுத்துறான், அந்த ஒரு சுத்துக்காகத்தான் சாட்டிலைட்டு, ரோபோ, விண்வெளி எல்லாமே. நான் எத்தன தடவ பார்த்தாலும் அந்த இடத்துல எழுந்து உக்காந்துடுவேன்.

2000, 2001ல வீடியோவா வந்த தொடர் இது, கைனாக்ஸ், புரொடக்‌ஷன் ஐஜின்னு ரெண்டு அனிமே ஸ்டுடியோ சேர்ந்து எடுத்தது. டைரக்டர் கசுயா சுருமாக்கி அதுக்கு முன்னாடி எவாஞ்சலியன்ங்கற அனிமேல அசிஸ்டன்ட் டைரக்டர், எழுதினது யோஜி எனோகிதோ. முதல் எபிசோட்ல சாப்பாட்டு மேஜை சீன் திடீர்னு காமிக்ஸ் பக்கமா மாறி, கேமரா கட்டம் கட்டமா ஓடும் பாருங்க, அப்பாவும் தாத்தாவும் ஒரே நேரத்துல கத்துவாங்க, எதப் படிக்குறது எதக் கேக்குறதுன்னே தெரியாது. அந்த வயசுல பெரியவங்க பேச்சு நம்ம காதுல அப்படித்தானே விழுந்துது? யாரு நமக்கு உக்காந்து விளக்கினாங்க? அதனால புரியலங்கறத ஒரு குறையா எடுத்துக்காதீங்க, நவோத்தாவுக்கும் அங்க ஒண்ணும் புரியல. மலைமேல இஸ்திரிப் பெட்டி மாதிரி நிக்குற அந்த ஃபேக்டரி எதுக்குன்னு மட்டும் பளிச்னு சொல்லிடுவாங்க, மூளையில இருக்குற மடிப்பையெல்லாம் தேய்ச்சு எடுத்துட்டா யாரும் யோசிக்க மாட்டாங்க. பொய்ப் புருவம் ஒட்டிக்கிட்டு அதிகாரம் பண்ற அமராவோங்கற அதிகாரியையும் கவனிங்க, நவோத்தா அப்படியே நடிச்சிட்டே வளர்ந்திருந்தா அந்த ஆளாத்தான் வந்து நின்னிருப்பான்.

ஹருக்கோ ஏன் போறான்னா, அவ வந்ததே ஆட்டோம்ஸ்க்ங்கற விண்வெளிக் கொள்ளைக்காரனத் தேடித்தான், இவன் தலை அவளுக்கு ஒரு வாசல், அவ்ளோதான், அத அவ பெருசா மறைக்கவும் இல்ல. ஆனா இவன் கடைசில நேரா அவள பார்த்து காதலிக்கிறேன்னு சொல்றான் இல்ல, ஆறு எபிசோட்லயும் அவன் நடிக்காம சொன்ன வார்த்தை அதுதான். நீ இன்னும் குழந்தடான்னு சொல்லிட்டு அவ கெளம்புறா, முதல் எபிசோட்ல சொல்லியிருந்தா அவன் செத்தே போயிருப்பான், இப்ப அத அவனால தாங்கிக்க முடியுது. எனக்கு அது சோகமாவே தெரியல.

அக்கா பையனுக்கு இப்ப வேணாம். பதினேழு வயசு மமிமி பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட நடந்துக்குற விதத்த தொடர் ரொம்ப லேசா எடுத்துட்டுப் போகுது, அதுல எனக்கு உடன்பாடு இல்ல, பக்கத்துல உக்காந்து பேச ஆள் இல்லாம அந்த வயசுப் பையன் அதப் பார்க்கக் கூடாது. பதினஞ்சு, பதினாறு ஆகட்டும், நீங்களே கூட உக்காந்து போட்டுக் காட்டுங்க. 2018ல வந்த ரெண்டு தொடர்ச்சியையும் இதப் பார்த்த சூட்டோட பார்க்காதீங்க, கொஞ்ச நாள் போகட்டும்.