கேள்வி பதில்: டேங்கில் 91, மேலே 98... கலக்கலாமா?

கேள்வி: என் காரின் மேனுவலில் 95 ஆக்டேன் என்று போட்டிருக்கிறது. அவசரத்துக்குப் பாதி டேங்க் 91 போட்டுவிட்டேன். இப்போது மேலே 98 ஊற்றினால் சரியாகிவிடுமா, இல்லை இரண்டும் ஒத்துக்கொள்ளாமல் இன்ஜினைக் கெடுத்துவிடுமா?

பதில்: தாராளமாக ஊற்றுங்கள். இன்ஜினுக்குள் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிற எண்தான் ஆக்டேன்; மற்றபடி இரண்டுமே பெட்ரோல்தான், எந்த விகிதத்திலும் கலக்கும், நீங்கள் குலுக்கக்கூட வேண்டாம், ஊற்றுகிற வேகத்திலும் வண்டி ஓடுகிற ஆட்டத்திலும் தானாகவே கலந்துவிடும். கணக்கும் லேசானது. 20 லிட்டர் 91 இருக்கிறது, மேலே 20 லிட்டர் 98 ஊற்றுகிறீர்கள் என்றால் நடுவில் 94.5 வரும். அந்த அரை எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இல்லை, எனக்குச் சரியாக 95தான் வேண்டும் என்றால் மூன்று பங்கு 91-க்கு நான்கு பங்கு 98, அதாவது 15 லிட்டருக்கு 20 லிட்டர். எத்தனால் அளவு வேறு வேறாக இருக்கிற பெட்ரோல்களைக் கலந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும், அவ்வளவுதான்.

ஆனால் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த வாரம் கேட்டு எழுதாதீர்கள். பங்கில் 95 கிடைக்கும்போது அதை வீட்டுக் கணக்கில் தயாரிப்பானேன்? அப்புறம், 98 ஊற்றும் வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல், பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: 91 போதும் என்று எழுதியிருக்கிற சின்ன கார் என்னுடையது. 98 போட்டால் பிக்கப் கூடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உங்கள் நண்பரைப் போல நினைப்பவர்கள் நிறைய. ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடுகிறது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, ஒரு லிட்டரில் இருக்கிற வெப்ப ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எண் சொல்வது வேறு விஷயம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுந்திச் சூடேறும்போது, ஸ்பார்க் பிளக் பொறி வைத்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருவதற்குள் மூலையில் இருக்கிற மிச்சக் கலவை தானாகவே பற்றி வெடித்தால் அதுதான் நாக்கிங். அப்படி அவசரப்படாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதற்குத்தான் மார்க் போடுகிறார்கள்: ஐசோ ஆக்டேனுக்கு 100, சட்டென்று வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0. 95 என்றால் இவை 95-க்கு 5 என்று கலந்த கலவை அளவுக்குத் தாங்கும் என்று அர்த்தம்.

ஆக, கம்ப்ரெஷன் அதிகமுள்ள இன்ஜின், டர்போ வைத்த இன்ஜின், இவற்றுக்குத்தான் பெரிய எண் வேண்டும். உங்கள் இன்ஜின் 91-லேயே நாக்கிங் இல்லாமல் ஓடுகிறது, 98 வந்து எதைத் தடுக்கும்? 95 அல்லது 98 ‘சிபாரிசு’, 91 ‘குறைந்தபட்சம்’ என்று இரண்டு எண் எழுதியிருக்கிற கார்கள் உண்டு. அவற்றில் நாக் சென்சார் சொல்கிறபடி கம்ப்யூட்டர் பொறி வைக்கிற நேரத்தை மாற்றிக்கொள்ளும்; நல்ல பெட்ரோல் கிடைத்தால் பொறியை முன்னே தள்ளும், இழுவையில் வித்தியாசம் தெரியும். உங்கள் மேனுவலில் ஒரே எண்தான் என்றால் அந்தக் காசில் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் கவனியுங்கள், பலன் அதிகம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார். மூடியில் 87 என்று இருக்கிறது. இங்கே பங்கில் 91-க்குக் கீழே இல்லையே?

பதில்: பதற வேண்டாம், உங்கள் 87-ம் இங்கே இருக்கிற 91-ம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு, ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) ஒன்று, இன்னும் கடுமையான எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் நம்பர்) இன்னொன்று. உலகின் பெரும்பகுதியில் பம்பில் எழுதுவது ஆர்ஓஎன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள், அதனால் அவர்கள் எண் நாலைந்து குறைவாகத் தெரியும்.

கேள்வி: சரியான பெட்ரோல்தான் போடுகிறேன். ஆனாலும் மேடு ஏறும்போது கடகடவென்று சத்தம். இன்னும் மேலான கிரேடுக்கு மாறட்டுமா?

பதில்: முதலில் கியரைக் குறையுங்கள். நான்காவது கியரில் இன்ஜினைத் திணறவிட்டு ஏற்றினால் எந்த வண்டியும் முனகத்தான் செய்யும். கியர் இறக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் மேல் கிரேடு போட்டு ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதை மருந்தாக நினைக்காதீர்கள், சோதனை மட்டுமே. சத்தம் நின்றால் அது நாக்கிங்தான், காரணத்தைத் தேட வேண்டும்: சிலிண்டருக்குள் படிந்த கரி, ரேடியேட்டரில் குறைந்த கூலன்ட், தவறான ஸ்பார்க் பிளக், வேலை செய்யாத நாக் சென்சார். நிற்கவில்லை என்றால் சைலன்சர் பக்கம் ஏதாவது தகடு தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நிஜமான நாக்கிங்கை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்டேன் அதிகம் என்கிறார்கள், மைலேஜ் ஏன் குறைகிறது?

பதில்: இரண்டும் உண்மை. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கு மேல், ஆனால் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் கலந்தால் மைலேஜ் 3 சதவீதம் அளவுக்கு இறங்கும். பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: ‘ஆக்டேன் 30 பாயின்ட் கூட்டும்’ என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். 91-ஐ 121 ஆக்கிவிடுமா?

பதில்: ஆக்காது. அந்த வியாபாரத்தில் ஒரு பாயின்ட் என்பது பெரும்பாலும் 0.1. ஆக 30 பாயின்ட் என்றால் மூன்று எண், 91 போய் 94, அதுவும் சொன்னபடி வேலை செய்தால். சில பாட்டில்களில் மாங்கனீஸ் சேர்மம் இருக்கும், தொடர்ந்து ஊற்றினால் ஸ்பார்க் பிளக்கில் செம்மண் நிறத்தில் படியும். மேல் கிரேடு கிடைக்கவே கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு தடவை ஊற்றிக்கொள்ளுங்கள்.