உங்கள் மாத்திரைக்கும் ஓர் அலாரம்

கேள்வி: எனக்கு 46 வயது. கணவர் மாரடைப்பில் இறந்து ஐந்து மாதமாகிறது. அதற்கு ஒரு வருடம் முன்பே மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். 6 மணிக்கு அத்தைக்கு பிரஷர் மாத்திரை, 8 மணிக்குக் கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்று நாள் ஓடிவிடுகிறது. என் தைராய்டு மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. அழக்கூட நேரமில்லை. சாயங்காலம் தெருவில் பைக் சத்தம் கேட்டால் அத்தை வாசலைப் பார்ப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். போன வாரம் ஒருநாள் வாக்கிங் கிளம்பினேன். “அதுக்குள்ள வாக்கிங்கா?” என்றார் எதிர்வீட்டம்மா. சில ராத்திரிகளில் நானும் கணவரோடு போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. உனக்கென்று நேரம் ஒதுக்கு என்கிறார்கள். எங்கிருந்து ஒதுக்குவது?

– தஞ்சாவூர் வாசகி

பதில்: ராத்திரியில் தோன்றுவதை முதலில் பேசிவிடுவோம். துணையை இழந்த பலருக்கும் வருகிற நினைப்புதான். அதற்காக அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ‘போயிருக்கலாம்’ என்பது ‘போய்விடலாம்’ என்று மாறினால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து மாத்திரை. அத்தையின் மாத்திரைக்கு மணி சொல்லத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதாவது நினைவிருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். தைராய்டு மாத்திரையை விட்டாலே அசதி வரும், மனசு மந்தமாகும், ஒன்றும் ஓடாது. இதெல்லாம் துக்கம் மட்டும்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பியுங்கள். வெறும் வயிற்றில் போட்டு அரை மணி கழித்துத்தான் காபி. அந்த அரை மணியில் அடுப்பு வேண்டாம், போன் வேண்டாம், திண்ணையில் சும்மா உட்காருங்கள். நேரம் எங்கே என்றீர்களே, முதல் அரை மணி இதோ.

மீதி நேரத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் “ஏதாவதுன்னா சொல்லும்மா” என்றிருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ‘ஏதாவது’ என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாத்தனார் இருந்தால், “அண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில 7 மணிலேர்ந்து 12 மணி வரைக்கும் அம்மாவை நீங்க பாத்துக்குங்க” என்று நாள், மணியோடு கேளுங்கள். அவருக்கும் அம்மாதானே. வந்தவருக்கு டிபன் செய்துகொண்டு நிற்காதீர்கள், கிளம்பிவிடுங்கள். பையனிடமும் ஒரு வேலையை ஒப்படைக்கலாம். அப்பா இல்லாத வீட்டில் தனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவையுங்கள். மருந்துக்கடைக்கு அலைவது ஒன்றாவது குறையும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த பைக் சத்தத்தைத்தான். அத்தை தன் மகனைத் தேடுகிறார், நீங்கள் கணவரைத் தேடுகிறீர்கள். ஒரே சத்தம், ஒரே ஆள். ஆனால் ஒருவர் கட்டிலில், இன்னொருவர் அடுப்படியில். ஒரே ஒரு நாள், அடுப்படிக்குப் போகாமல் கட்டில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கஞ்சிக் கிண்ணம் இல்லாமல், துடைக்கிற துணி இல்லாமல். அவருக்குப் பேச்சு குழறினாலும் பரவாயில்லை, கையைப் பிடித்துக்கொண்டால் போதும். அழுகை வந்தால் வரட்டும். பெரியவர் முன்னால் அழக்கூடாது என்று நினைக்காதீர்கள். நீங்கள் அடக்குவதைப் பார்த்து அவரும் அடக்கிக்கொண்டிருக்கலாம்.

தினமும் அப்படி உட்கார வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது இது: துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போய்வருதல்தான் இயல்பு. நீங்கள் ஐந்து மாதமாக அன்றாடத்தின் பக்கமே நிற்கிறீர்கள். அதனால்தான் அழ நேரமில்லை. அதே கணக்கில், ஒரு சாயங்காலம் அழுதுவிட்டு மறுநாள் டிவி பார்த்துச் சிரித்தால் அவரை மறந்துவிட்டதாக ஆகாது.

வாக்கிங்? போங்கள். எதிர்வீட்டம்மா கேட்டால், “ஆமாம்மா, டாக்டர் சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். ஊருக்கு இந்தப் பதில் போதும். இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்த்துக்கொள்ள அவரையே கூப்பிடுங்களேன். வந்தாலும் வருவார்.