வெல்டிங், வக்கீல், கப்பல்: முகாம் பிள்ளைகளுக்காக ஒரு கேள்வி பதில்

போன இதழில் ஒரு தம்பி, "இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறேன், வெல்டிங் படிக்கலாமா?" என்று கேட்டதற்கு "தாராளமாக" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தேன். அது பதிலா என்று வடசென்னையிலிருந்து ஏகப்பட்ட திட்டு. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

மகன் பத்தாம் வகுப்பு பாஸ். முகாம் அண்ணன்மாரோடு பெயின்ட் வேலைக்குப் போகிறேன், படிச்சு என்ன கிடைக்கப் போகுது என்று கதைக்கிறான். ஐ.டி.ஐ.யில் சேர்க்கட்டுமா?
*ஒரு தாய், புழல் காவாங்கரை*

சேருங்கள் அம்மா. ஆனால் மகன் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் அவன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். பி.காம்., பி.எஸ்சி. முடித்த முகாம் பையன்கள் சாரத்தில் ஏறி உப்புத்தாள் தேய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். பட்டி பூசக் கற்றுக்கொள்ள மூன்று வருடம் கல்லூரிக்கு எதற்கு என்று அவன் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? அவர்கள் படித்ததில் தப்பில்லை. அந்தப் படிப்பு போய் நிற்கும் இடம் பெரும்பாலும் அரசு வேலைத் தேர்வு, அங்கே முதலில் கேட்பது குடியுரிமை. அதைச் சேரும்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஐ.டி.ஐ. கதை வேறு. பட்டறை முதலாளி ராடைக் கையில் கொடுத்து "ஒரு ஜாயின்ட் அடி, பார்க்கலாம்" என்பார். ஐ.டி.ஐ.யில் என்னிடம் படித்த முகாம் பையன் ஒருவன், முதல் மாதம் முழுக்க ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு எரிச்சலில் ஹோல்டரையே தூக்கி அடித்தவன், ஆறாவது மாதம் ஸ்லாக்கை, அதாவது வெல்டிங் மேல் படியும் கசடை, தட்டிவிட்டுக் காட்டினான் பாருங்கள், மீன் செதில் அடுக்கின மாதிரி வரி வரியாக, ஒரே அகலத்தில். அந்த வரியைப் பார்த்துத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார், அவர் கேட்டது ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும்தான்.

வெல்டர் ஒரு வருடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம். பத்தாவது பாஸ் என்பதால் இரண்டு வருடப் பிரிவைப் பாருங்கள். அதை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. முகாம் பிள்ளைக்கு எதெல்லாம் பொருந்தும் என்பதைச் சேரும் அன்றே முதல்வரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம். முகாம் அடையாள அட்டை, பதிவு விவரம், மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இனிஷியல் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் இருந்தே பல பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போயிருக்கிறது.

பிளஸ் டூவில் பயாலஜி எடுத்திருக்கிறேன். டாக்டர் ஆக ஆசை. அது முடியாவிட்டால் வக்கீல். இரண்டுமே முடியாது என்கிறார்கள், உண்மையா?
*ஒரு மாணவி, கும்மிடிப்பூண்டி*

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீட் விண்ணப்பத்தில் இந்தியக் குடிமக்கள், வெளிநாடுவாழ் இந்தியர், வெளிநாட்டவர் என்று கட்டங்கள் இருக்கின்றன. இங்கே பிறந்து, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாத முகாம் பெண் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் இன்னும் கொடுமை, படிக்க விடுவார்கள், பட்டமும் கிடைக்கும். ஆனால் கறுப்பு கோட்டு போட்டு வாதாட பார் கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்கு 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு குடிமக்களைத்தான் முதலில் கேட்கிறது. ஐந்து வருடம் படித்து அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் தெரிந்துகொள்ள ஆசை, தொழில் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்றால் அது வேறு விஷயம்.

பயாலஜியை விட வேண்டாம். மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, லேப் டெக்னீஷியன் என்று தனியார் லேபும் மருந்துக் கம்பெனியும் எடுக்கிற படிப்புகள் இருக்கின்றன. கணிதமும் எடுத்திருந்தால் பொறியியலைப் பார். 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில், பொறியியலில் நல்ல மதிப்பெண் எடுக்கும் 50 முகாம் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பதும் ஒன்று. மற்ற படிப்புகளுக்கான உதவித்தொகையையும் அப்போது கூட்டினார்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியதும் அப்போதுதான். பெயர் மாறியதில் பாதி சந்தோஷம்தான் எனக்கு. பேங்கில் கல்விக் கடன் கேட்டால் பழைய பெயர்தான் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்: "இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்." அதனால் கடனை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதே.

என் ஃபிரண்டு முகாம் பையன். கப்பல் வேலை கோர்ஸ், ரெண்டு லட்சம் கட்டினா உடனே வேலைன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். கட்டலாமா?
*காசிமேடு வாசகர்*

கட்டாதே. அவனையும் கட்ட விடாதே. கப்பலில் ஏற சி.டி.சி. என்கிற கப்பல் பணியாளர் பதிவுப் புத்தகம் வேண்டும், சி.டி.சி.க்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஏஜென்டிடம் "பாஸ்போர்ட் இல்லாதவருக்கு எப்படி?" என்று கேள், அவர் முகத்தைப் பார், போதும். வளைகுடாவில் வெல்டர் வேலை என்று வருகிறவர்களிடமும் இதே கேள்விதான்.

நான் இந்தியாவிலேயே பிறந்தவன். அப்புறம் எப்படி அகதி?
*பெயர் வேண்டாம், புழல்*

நியாயமான கேள்வி. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது இந்த விதியை வைத்துத்தான். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால் அம்மா, அப்பா இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவர் என்றால் ஒருவர் குடிமகனாக இருந்தும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராக இருக்க வேண்டும், முகாம் குடும்பங்கள் சிக்குவது இங்கேதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை கொடுத்த நாடுகளில் இலங்கை இல்லை. உங்கள் பிறந்த தேதியையும், அம்மாவோ அப்பாவோ 1987க்கு முன் இங்கே பிறந்தவரா என்பதையும் முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு நல்ல வக்கீலைப் பார்ப்பது எந்தக் கோர்ஸ் கட்டணத்தையும் விட லாபம்.

எங்க தாத்தா பர்மாவிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர். அவருக்குக் கடனும் வீடும் கொடுத்தார்கள். இவர்களுக்கு ஏன் இல்லை?
*வியாசர்பாடி வாசகி*

நானும் வியாசர்பாடிதான், உங்கள் தெரு அத்தோவை, அந்த பர்மா நூடுல்ஸை, சாப்பிட்டு வளர்ந்தவன். 1964இல் பர்மாவில் நே வின் ஆட்சி கடைகளை எல்லாம் தேசியமயமாக்கியபோது கப்பலேறி வந்த உங்கள் தாத்தாவை அரசு 'தாயகம் திரும்பியவர்' என்று எழுதியது. அதே வருடம் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்த மலையகத் தமிழர்களும், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களும், அப்படித்தான். 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களை 'அகதி' என்று எழுதியது. இதில் கொடுமை, அப்படி வந்தவர்களிலும் மலையகத்துக்காரர்கள் இருக்கிறார்கள், கொள்ளுத்தாத்தா திருச்சிக்காரராகவே இருப்பார். துயரம் ஒன்றுதான், ரிஜிஸ்டரில் எழுதிய வார்த்தைதான் வேறு.

நம்ம பிள்ளைங்களுக்கே சீட் இல்ல, இதுல இவங்களுக்கு வேறயா?
*தண்டையார்பேட்டை*

2021 கணக்குப்படி முகாம்களில் இருப்பவர்கள் குழந்தை, கிழவி எல்லாம் சேர்த்து சுமார் 58,000 பேர். தமிழ்நாடு முழுக்க. நான் ரிட்டயர் ஆகிற வருடம் வரை வெல்டர் பிரிவில் காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் பிள்ளையை அனுப்புங்கள், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று படிக்கட்டும்.

உலகத்தில் மற்ற அகதிப் பிள்ளைகள் நிலைமை?
*பெரம்பூர் ஆசிரியை*

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2019 கல்வி அறிக்கையில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 3 சதவீதம், 2024 அறிக்கையில் 7. 2030க்குள் 15 ஆக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. ஜெர்மனி அரசின் பணத்தில் 1992 முதல் அகதி மாணவர்களுக்குக் கொடுக்கும் டாஃபி உதவித்தொகை இந்த முயற்சிகளில் பழையது. நம் பக்கத்தில் 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பில் பல காலமாக உழைத்து வருகிறது. உங்கள் வகுப்பில் முகாம் பிள்ளை இருந்தால் இந்தக் கழகத்தைப் பற்றி அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லுங்கள்.

போன இதழில் கேட்டது நான்தான் சார். சேர்ந்துட்டேன். கறுப்புக் கண்ணாடி எது வாங்கணும்?
*அதே தம்பி*

சபாஷ். ஆர்க் வெல்டிங்குக்கு 11ஆம் நம்பர். பிராட்வே பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். மேலே போட வெள்ளைக் கண்ணாடியும் நாலு சேர்த்து வாங்கு, அது தீப்பொறி பட்டுச் சீக்கிரம் போய்விடும். பாலியெஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போகாதே.